கொடும்பாவிக்கு அழுதவர்கள்: ஆவணம், புனைவு, தீப்பெட்டி ஆபீஸ் பஸ்

1

ஆவணப்படம் என்றால் உண்மை, கதைப்படம் என்றால் பொய் என்கிற பாகுபாடு நம் அரசியல் நண்பர்களிடம் இன்னமும் உறுதியாக இருக்கிறது. கூட்டம் முடிந்து படம் போட்டால், 'இது நெசமா எடுத்ததா, நடிக்க வச்சு எடுத்ததா?' என்று யாராவது ஒருத்தர் கேட்காமல் இருப்பதில்லை. நடிக்க வைத்து எடுத்தது என்று தெரிந்துவிட்டால் படத்தின் அரசியலே பொய்த்துப்போன மாதிரி ஒரு சங்கடம் அறையில் பரவும். நானும் பல வருஷம் இந்தக் கேள்வியைக் கேட்டவன்தான். இப்போது கேட்பதில்லை. ஏன் என்பதை, அருப்புக்கோட்டை - திருச்சுழி பக்கத்து வானம் பார்த்த பூமிக்காரன் என்கிற இடத்தில் நின்று எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கம் 'ஆவணம்' என்ற சொல் பேச்சில் கிடையாது. 'பத்திரம்' என்பார்கள். கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், எழுதாத புரோநோட்டில் வாங்கின கைநாட்டு. பத்திரம் என்பது எழுத்துத் தெரிந்தவன் எழுதி, தெரியாதவன் கட்டைவிரலை உருட்டுவது. அதில் இருப்பது நடந்ததுதானா என்பதை வாங்கியவனும் கொடுத்தவனும் மட்டும் அறிவார்கள். ஆக, ஆவணம் என்பதே அதிகாரம் தனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ளும் ஒரு கதையாடல் என்பதை எங்கள் சனங்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் யாரும் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. என் அம்மா ஊர் திருச்சுழிக்குத் தெற்கே. சின்ன வயசில், மழை பொய்த்த ஒரு வருஷம், அங்கே கொடும்பாவி கட்டி இழுத்ததைப் பார்த்திருக்கிறேன். வைக்கோலால் ஓர் உருவம் செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்துப்போவார்கள். பின்னால் பெண்கள் மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் கண்மாய்க்கரையில் எரிப்பார்கள். செத்தது யாருமில்லை. ஆனால் என் பாட்டி அழுத அழுகை பொய்யில்லை. அதற்கு முந்தின வருஷம் செத்துப்போன மகனைச் சொல்லி, விளையாமல் போன கம்பைச் சொல்லி, விற்றுப்போன மாட்டைச் சொல்லி அழுதாள். பொம்மை என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அழுதார்கள். நிஜச் சாவில் சொல்ல முடியாததைச் சொல்வதற்கு அந்தப் பொய்ச் சாவு இடம் கொடுத்தது. ஆவணத்துக்கும் புனைவுக்கும் நடுவில் கோட்டை அழித்து எடுக்கப்படும் படங்களைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கொடும்பாவிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

2

நம் வறட்சியை முதலில் படம் பிடித்தவர்களிடமிருந்து தொடங்கலாம். 1876-78இல் சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். அந்தப் பஞ்சத்தின் முகமாக இன்றும் புத்தகங்களில் அச்சாகும் புகைப்படங்கள் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்கிற ராணுவ அதிகாரி எடுத்தவை. எலும்பும் தோலுமான மனிதர்களை வரிசையாக உட்கார்த்தியும் நிறுத்தியும் எடுத்திருக்கிறார். அந்தக் காலக் கேமராவுக்கு மனிதர்கள் அசையாமல் இருக்க வேண்டும். பசியால் நிற்க முடியாதவர்களை 'அசையாமல் இரு' என்று சொல்லி எடுத்த படம் அது. பசி நிஜம். உட்கார்ந்திருந்த விதம் ஏற்பாடு. ஹூப்பர் அந்தக் காலத்திலேயே கண்டிக்கப்பட்டார் என்றாலும் படங்கள் 'ஆவணம்' என்றே நிலைத்துவிட்டன.

சினிமாவிலும் கதை இதுதான். ஆவணப்படத்தின் தொடக்கம் என்று பாடம் சொல்லப்படும் ராபர்ட் ஃபிளஹர்ட்டியின் 'நானூக் ஆஃப் த நார்த்' (1922) படத்தில் நானூக் என்பது அந்த வேட்டைக்காரரின் பெயரே இல்லை. அவர் பெயர் அல்லாகரியல்லாக். மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. துப்பாக்கி பழகிவிட்டவர்களை ஈட்டியால் வேட்டையாடச் சொன்னார் இயக்குநர். பனிவீட்டுக்குள் வெளிச்சம் போதாததால் ஒரு பக்கம் திறந்த பாதி வீடு கட்டப்பட்டது. உள்ளே தூங்குவதுபோல் இருப்பவர்கள் உண்மையில் திறந்தவெளிக் குளிரில் கிடந்தார்கள்.

அப்படியானால் ஆவணம் x புனைவு என்கிற கோடு பிற்காலத்துச் சோதனைக்காரர்கள் அழித்த கோடு இல்லை. முதலிலிருந்தே அது அழிந்துதான் கிடந்தது. மறைத்து வைத்திருந்தார்கள். சோதனைப் படக்காரர்கள் செய்தது அந்த மறைப்பை எடுத்துக் காட்டியது மட்டுமே.

நம் நாட்டில் இந்த மறைப்பு வேலையை அரசாங்கம் நேரடியாகச் செய்தது. 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த செய்திப்படங்களை ஒவ்வொரு காட்சிக்கு முன்னாலும் போட்டாக வேண்டும் என்பது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனை. டூரிங் டாக்கீஸ் வரை இந்த விதி. எங்கள் ஊர்க் கொட்டகையில் நியூஸ் ரீல் என்றால் வெளியே நின்று பீடி குடிக்கிற நேரம். 'இந்தியன் நியூஸ்தானப்பா ஓடுது, மெல்ல வாங்க' என்று டிக்கெட் கிழிக்கிறவரே சொல்லுவார். அணை திறப்பார்கள், டிராக்டர் ஓடும், கோதுமை ஆடும். கண்மாயில் நண்டு செத்துக் கிடக்கிற ஊரில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள் அதைப் பொய் என்று திட்டக்கூட இல்லை. அதை அவர்கள் தங்களோடு சம்பந்தப்பட்ட விஷயமாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

அதே கொட்டகையில் ரீல் மாறி எம்.ஜி.ஆர். வந்ததும் பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். 'நாடோடி மன்னன்' (1958) படத்தில் மன்னனைப்போலவே இருக்கும் நாடோடி ஒருவன் மன்னனாக நடிக்கிறான். நடித்துக்கொண்டே ஏழைகளுக்குச் சட்டம் போடுகிறான். 1977 தேர்தலில் இதே அருப்புக்கோட்டைத் தொகுதி எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அவர் முதலமைச்சரானார். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எழுதிய ஆங்கில நூல் இந்தப் பிம்பத்தின் அரசியலை விரிவாகப் பேசியிருக்கிறது. அரசாங்கத்தின் ஆவணத்தைக் கதையாகவும் ஒரு நடிகரின் கதையை ஆவணமாகவும் வாசித்த தொகுதி இது. அந்த வாசிப்புக்கு நாங்கள் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. ஆனால் 'சனங்களுக்கு நிஜத்துக்கும் நடிப்புக்கும் வித்தியாசம் தெரியலை' என்று படித்தவர்கள் இதைக் கேலி செய்வதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எது தங்களைப் பற்றிப் பேசுகிறது என்று தேடியவர்களுக்கு, செய்திப்படத்தில் அது கிடைக்கவில்லை.

'நாடோடி மன்னன்' வந்த அதே 1958இல், பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்த ஐவரி கோஸ்ட்டின் அபிஜான் நகரத்தில் ழான் ரூஷ் 'மொவா, அன் நுவார்' என்ற படத்தை எடுத்தார். நைஜரிலிருந்து பிழைக்க வந்த கூலி இளைஞர்கள் அதில் தங்களையே நடித்தார்கள். வைத்துக்கொண்ட பெயர்களோ சினிமாப் பெயர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன் 'எட்வர்ட் ஜி. ராபின்சன்'. நம் ஊரில் மூட்டை தூக்குகிறவர் மார்பில் எம்.ஜி.ஆரைப் பச்சை குத்திக்கொள்வதற்கு இதில் என்ன வித்தியாசம்? முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஒலியில்லாமல் எடுத்த அந்தக் காட்சிகளை அந்த இளைஞர்களுக்கே போட்டுக்காட்டி, அவர்களையே பேசவைத்துப் பதிவு செய்தார் ரூஷ். ராபின்சனாக நடித்த உமாரு கண்டா பிறகு தானே இயக்குநராகி, இந்தோசீனப் போரில் தான் பட்டதை வைத்து 'கபாஸ்காபோ' (1968) எடுத்தார். படம் பிடிக்கப்பட்டவன் கேமராவை வாங்கிக்கொண்ட இந்த நகர்வை மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கம் திரும்புவோம்.

3

சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். விடிவதற்கு வெகுநேரம் முன்னால் 'ஆபீஸ் பஸ்' ஊருக்குள் வரும். பிள்ளைகள் தூக்கத்தோடு ஏறுவார்கள். இருட்டின பிறகு திரும்பும். ஸ்மிது கோத்தாரி 1983இல் ஓர் ஆங்கில வார இதழில் இதைக் கட்டுரையாக எழுதியது வெளியுலகத்தைக் கொஞ்சம் உலுக்கியது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 14 வயது நிறையாதவர்கள் தீப்பெட்டி, பட்டாசு செய்வது தடை. ஆனால் குடும்பத்தார் துணையோடு வீட்டில் செய்தால் தடை இல்லை. இந்த ஒரு வரியில் சட்டமே கதை எழுதிவிட்டது. பெட்டி ஒட்டுகிற அட்டையை ஆபீஸிலிருந்து வீட்டுத் திண்ணைக்கு மாற்றினால் போதும், பிள்ளை தொழிலாளி இல்லை. ஆபீஸில் இருக்கிற பிள்ளைக்கோ வயசு கூட்டி எழுதினால் போதும். இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் பின்வாசல் திறக்கும். பதிவேட்டில் எல்லாம் சரியாக இருக்கும். உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்ததே, அதுவரை காகிதத்தில் இருந்த ஒழுங்கு எவ்வளவு பொய் என்பதற்குச் சாட்சி.

இந்தச் சூழலில்தான் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று, சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' (1990). சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வாயையே அந்தத் தலைப்பு திருப்பிக் கேட்டது. ஆவணப்படம்தான். தமிழ்நாட்டு மாற்றுத் திரையிடல்களில் நம்மில் பலர் பார்த்த முதல் ஆவணப்படங்களில் ஒன்று. மற்றது, கரிசல் எழுத்தாளர் பூமணி தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக இயக்கிய 'கருவேலம் பூக்கள்' (1996). அது கதைப்படம். நாசர், ராதிகா என்று தெரிந்த முகங்கள். ஆனால் கதை தீப்பெட்டி ஆபீஸுக்குப் பிள்ளையை அனுப்பிப் பிழைக்கும் கரிசல் குடும்பத்தின் கதை. எடுத்தவர் அந்த மண்ணிலேயே வளர்ந்தவர். ஒன்று வெளியிலிருந்து வந்த ஆவணம், மற்றது உள்ளிருந்து வந்த புனைவு. எது அதிக உண்மை என்று நாங்கள் அப்போது டீக்கடையில் சண்டை போட்டோம். பூமணி பிற்பாடு சிவகாசி, கழுகுமலைக் கலவரங்களைப் பற்றிப் பழைய பதிவுகளைத் தேடிப் படித்து எழுதிய 'அஞ்ஞாடி' நாவலுக்கு 2014இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். ஆவணமும் புனைவும் ஒரே எழுத்தாளரின் கையில் சண்டையில்லாமல் இருக்க முடியும் என்பது எங்களுக்கு அப்போது புரியவில்லை.

4

இனி எழுதப்போவதை இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் எங்கேயும் சொன்னதில்லை.

1990களின் முற்பகுதி. குழந்தைத் தொழிலாளர் பற்றிப் படம் எடுக்க ஒரு வீடியோக் குழு வெளியூரிலிருந்து வந்தது. நல்ல நோக்கம் கொண்டவர்கள். அவர்களை ஊருக்குள் கூட்டிப்போனவன் நான். அருப்புக்கோட்டைக்கு மேற்கே, சாத்தூர் ரோட்டுப் பக்கம் என் சித்தப்பா ஊர். சித்தப்பா மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ஆபீஸில் குச்சி அடுக்குகிறவள். 'ஒண்ணும் வராது சித்தப்பா, நான் பொறுப்பு' என்று நான்தான் சம்மதிக்க வைத்தேன்.

உண்மையான ஆபீஸ் பஸ்ஸை எடுக்க முடியவில்லை. ஏஜெண்ட் விடவில்லை. அந்த இருட்டில் அவர்கள் கேமராவுக்குப் படமும் விழாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளுக்கிற நேரத்தில், வாடகைக்கு ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தினமும் ஏறுகிற மாதிரி ஏறச் சொன்னார்கள். முதல் தடவை பிள்ளைகள் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாம் தடவை குறுக்கே நாய் வந்தது. மூன்றாம் தடவை ஏறும்போது என் தங்கச்சி படியில் நின்று அழ ஆரம்பித்தாள். இயக்குநருக்குச் சந்தோஷம். 'நல்லா நடிக்கிற பாப்பா' என்று கன்னத்தைத் தட்டினார்.

மறுநாள் காலை ஆபீஸ் பஸ் அவளுக்கு நிற்கவில்லை. சித்தப்பா வாங்கியிருந்த முன்பணத்தை உடனே கட்டச் சொல்லி ஏஜெண்ட் வீட்டு வாசலில் நின்றார். சித்தப்பா ஆட்டை விற்றார். பிள்ளை வேலையிலிருந்து நின்றது நல்லதுதானே என்று நண்பர்கள் கேட்கலாம். பள்ளிக்கூடத்துக்கு அவள் திரும்பவில்லை. வேறு ஊர் ஆபீஸுக்கு, இன்னும் குறைந்த கூலிக்குப் போனாள்.

சில மாதம் கழித்து ஒரு பெருநகரத்தில் படம் போட்டார்கள். போயிருந்தேன். அந்த அழுகைதான் படத்தின் உச்சம். முடிந்ததும் வழக்கமான கேள்வி வந்தது: 'இது நிஜமா?' 'எல்லாமே நிஜம்' என்றார் இயக்குநர். கைதட்டினார்கள். வாடகை பஸ்ஸைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் முதலாளிகளுக்குச் சாதகமாகிவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். படம் எங்கள் ஊருக்கு வரவே இல்லை.

5

எங்கள் திருச்சுழி வழியாகப் போகும் குண்டாறு, தண்ணீர் வந்தால், ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் போய்க் கடலைத் தேடும். 1985இல் பிரிக்கும் வரை நாங்களும் ராமநாதபுரம் மாவட்டம்தான். அந்தக் கடல் பக்கம், தனுஷ்கோடியில் எடுக்கப்பட்டது லீனா மணிமேகலையின் 'செங்கடல்' (2011). 1964 புயல் அழித்த ஊர். அங்கே இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிக்கு நடுவில் மீன்பிடிக்கிற சனமும், படகில் வந்து இறங்கும் அகதிகளும். மீனவர்களும் அகதிகளும் படத்தில் நடித்தார்கள். எழுத்தில் பங்கெடுத்த ஷோபாசக்தி நடிக்கவும் செய்தார். இயக்கத்தில் இருந்த தன் வாழ்க்கையின் நிழலோடு பிறகு பிரெஞ்சுப் படமான 'தீபன்' (2015) வரைக்கும் போனவர் அவர். 'செங்கடல்' படத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, படமெடுக்க வரும் பெண்ணாக இயக்குநரே உள்ளே நிற்பது. கேட்கிறவளும் காட்சிக்குள் இருக்கிறாள். அவள் வந்ததால் என்ன ஆகிறது என்பதும் படத்தின் விஷயமாகிறது.

தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. இந்திய, இலங்கை அரசுகளைப் பற்றிய விமர்சனம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அதே 2011இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வெட்டில்லாமல் அனுமதித்தது. அந்தத் தீர்ப்பாயமும் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. கவனியுங்கள்: கற்பனைக் கதையாக இருந்தால் 'கதைதானே' என்று விட்டிருப்பார்கள். செய்தியாக இருந்தால் ஆதாரம் கேட்டு மடக்கியிருப்பார்கள். இரண்டுமாக இருப்பது அதிகாரத்தைத் தடுமாற வைக்கிறது.

இந்த மாதிரி, எடுப்பவரையும் எடுக்கும் காரியத்தையும் படத்துக்குள் நிறுத்திய முன்னோடிகள் உண்டு. மிருணாள் சென்னின் 'அகாலேர் சந்தானே' (1980) படத்தில் 1943 வங்கப் பஞ்சத்தைப் படமெடுக்க ஒரு குழு கிராமத்துக்கு வருகிறது. அவர்கள் வந்ததும் சந்தையில் விலை ஏறுகிறது. பழைய பஞ்சத்தை நடிக்கப்போன இடத்தில் இன்றைய பசி குறுக்கே வருகிறது. 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' வந்த அதே 1990இல், அப்பாஸ் கியரோஸ்தமியின் 'குளோஸ்-அப்'. பிரபல இயக்குநர் மக்மல்பாஃப் தான்தான் என்று சொல்லி ஒரு குடும்பத்தை நம்பவைத்த ஏழை சப்ஸியான் மீதான நிஜ வழக்கு. ஏமாற்றியவரும் ஏமாந்தவர்களும் நடந்ததை மறுபடி நடித்துக் காட்டுகிறார்கள். நீதிமன்றத்தில் சொல்ல முடியாமல்போனது நடிப்பில் வெளியே வருகிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்து யோசித்தவர் ஜான் ஆபிரகாம். 'அம்ம அறியான்' (1986) படத்துக்கு ஒடேஸா இயக்கத்தார் கேரளத்து ஊர்களில் மக்களிடமே வசூலித்தார்கள். மகன் செத்த செய்தியைத் தாயிடம் சொல்லப்போகும் கற்பனைப் பயணம், வழியில் கேரளத்தின் நிஜப் போராட்டங்களோடு கலந்துகொண்டே போகிறது.

இந்தப் படங்களைப் பார்த்தபிறகுதான் எங்கள் ஊர்ப் படத்தில் பிழை எங்கே என்று எனக்கு விளங்கியது. வாடகை பஸ்ஸைக் கொண்டுவந்தது பிழை இல்லை. அதை மறைத்ததுதான் பிழை. பஸ் வாடகைக்கு வந்தது, பிள்ளைகள் மூன்று தடவை ஏறினார்கள், ஏஜெண்ட் என்ன செய்தார் என்பதையெல்லாம் உள்ளே வைத்திருந்தால் முதலாளிகளுக்குச் சாதகமாகியிருக்காது. ஒரு போலி பஸ்ஸில் ஏறியதற்கே பிள்ளையைப் பழிவாங்குகிற தொழில் இது என்பது வெளியே வந்திருக்கும்.

2021இல் ராட்டர்டாம் விழாவில் முதல் பரிசான டைகர் விருதை வாங்கிய 'கூழாங்கல்' எங்கள் பக்கத்து மாவட்டமான மதுரையில், மேலூர் வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. குடிகாரத் தகப்பனும் மகனும் கொளுத்தும் வெயிலில் நடக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் வெயில் நடிக்கவில்லை. ஊற்றில் அகப்பையால் தண்ணீர் சேந்தும் பெண்ணின் பொறுமையும் நடிப்பாகத் தெரியவில்லை. புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்ட தன் சகோதரி குழந்தையோடு நடந்தே வந்த நடைதான் இதற்கு வித்து என்று இயக்குநர் வினோத்ராஜ் சொல்லியிருக்கிறார். படிப்பை விட்டுச் சின்ன வயசிலேயே மதுரையிலும் திருப்பூரிலும் கூலி வேலை பார்த்தவர் அவர். உமாரு கண்டா போன பாதை இங்கேயும் திறந்திருக்கிறது. எந்தப் பிள்ளைகளைப் பற்றி 1990இல் படம் எடுத்தார்களோ, அந்த மாதிரிப் பிள்ளை ஒன்று முப்பது வருஷம் கழித்துக் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறது.

6

'கூழாங்கல்' படத்தைப் போன வருஷம் என் போனில் தங்கச்சிக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது அவள் பாட்டி. முழுக்கப் பார்த்தாள். பிறகு, நான் கேட்காமலே சொன்னாள்.

"அன்னைக்கி நான் நெசமாத்தாண்ணே அழுதேன். டீக்கடைப் பக்கத்துல ஏஜெண்டு நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. அவரப் பாத்ததும் அழுக வந்துருச்சு. அவுக நடிக்கிறேன்னுட்டாக."

எனக்கு இது இத்தனை வருஷமாகத் தெரியாது. நானும் அவள் நடித்தாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பஸ்ஸு பொய்யி. ஏஜெண்டு நெசம். கேமராவ அந்தப் பக்கம் திருப்பச் சொல்லிருந்தா அவரும் விழுந்துருப்பாரு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க, சொல்லிருக்கலாம்ல?"

பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் பாட்டி கொடும்பாவிக்கு அழுததை யாரும் 'நல்லா நடிக்கிற' என்று கன்னத்தில் தட்டவில்லை. சுற்றி நின்றவர்களுக்கு அவள் எதற்கு அழுகிறாள் என்று தெரியும். அவர்களும் அதே மழைக்குக் காத்திருந்தவர்கள். ஒரு படத்தைப் பார்த்து நாம் கேட்க வேண்டியவை, ஆகவே, வேறு கேள்விகள்: ஏற்பாடு செய்ததை ஏற்பாடு என்று படம் சொல்கிறதா? மறுபடி மறுபடி எடுத்ததற்கான கூலியை யார் கொடுத்தார்கள்? நடித்தவர்கள் படத்தைப் பார்த்தார்களா, பார்த்து என்ன சொன்னார்கள்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1980களிலும் 90களிலும் தீப்பெட்டி ஆபீஸ், மில், கண்மாய், கரிமூட்டம், கலவரம் என்று நம் ஊர்களில் எடுக்கப்பட்ட வீடியோ கேசட்டுகள் நண்பர்கள் பலரின் பரணிலும், தொண்டு நிறுவனங்களின் அலமாரியிலும் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. அவற்றை மாற்றி எடுத்துக்கொண்டு அந்தந்த ஊர்களுக்குப் போங்கள். ஒரு சாயங்காலம் சுவரில் வேட்டி கட்டிப் போட்டுக் காட்டுங்கள். அன்றைக்கு அதில் இருந்தவர்கள் இன்றைக்கு என்ன சொல்கிறார்கள் என்பதைக் கூடவே பதிவு செய்யுங்கள். எங்கள் ஊர்ப் படத்தின் பிரதி யாரிடமாவது இருந்தால் எனக்குத் தகவல் சொல்லுங்கள். தங்கச்சி பார்க்க வேண்டும் என்கிறாள்.